பக்க எண் இல்லாத தீர்ப்பு

ஜூலியா படியேறி வந்த அன்று காலை, ஸ்வப்னா ஏற்கெனவே ஒரு குற்றவாளியைப் பிடித்து முடித்திருந்தாள். கீழே மருந்துக் கடைக்காரரின் ஹெல்மெட் காணாமல் போயிருந்தது. எதிர்க்கடை ஆள்தான் எடுத்திருப்பான் என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டு, மேலே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள், அது கடைக்காரருடைய ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலேயே அகப்பட்டது.

அவள் முதலாளி நல்லசிவம் வறுத்த வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை ஒரு பக்கமும் ஓட்டை இன்னொரு பக்கமும் சேர்த்துக்கொண்டிருந்தார். தில்லிக் குளிரில் அவருக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மத்திய அரசின் விஜிலென்ஸ் பிரிவில் வெகுகாலம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜனக்புரியில் இந்த மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் வேலை பார்க்கிறவர் அவர். திருநெல்வேலிப் பேச்சு மட்டும் இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. ஸ்வப்னா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கம்ப்யூட்டர் படித்தவள், அவருடைய ஒரே உதவியாள். அவளுக்கு வேகம் ஜாஸ்தி. அவருக்கு அது மருந்துக்கும் கிடையாது. அதனால்தான் ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தது.

வந்தவள் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தாள். வெளியே பனி விலகவில்லை. அந்தக் குளிரில் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடுங்குகிற ஒருத்தியை ஸ்வப்னா அப்போதுதான் பார்த்தாள்.

"கோட்டைப் போட்டுக்கிடுங்கம்மா. குளிருதுல்லா" என்றார் நல்லசிவம்.

"போட மனசு வரலை சார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இதைப் போடலாமா கூடாதான்னே தெரியலை."

அவள் பெயர் ஜூலியா. உயர் நீதிமன்ற வக்கீல். சீனியர் அட்வகேட் சங்கரநாராயணனின் சேம்பரில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெயரைக் கேட்டதும் நல்லசிவத்தின் கையே கடலையில் நின்றுவிட்டது. தில்லித் தமிழர்களில் சங்கரநாராயணனைக் கேள்விப்படாதவர் குறைவு. புத்தகத்தைத் திறக்காமல், தீர்ப்பின் பெயர், வருஷம், பக்க எண் எல்லாவற்றையும் வாயாலேயே ஒப்பிக்கிறவர். நீதிபதி சந்தேகப்பட்டுப் புரட்டினால், சொன்ன பக்கத்தில் சொன்ன வரி உட்கார்ந்திருக்குமாம்.

"ஒரு குடிசை இடிப்பு வழக்கு சார். எழுத்துமூலமா எங்க வாதத்தைத் தாக்கல் பண்ணினோம். அதுல மூணு பழைய தீர்ப்பைக் காட்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் தேடிப் பார்த்தார். ஜட்ஜும் தேடச் சொன்னார். மூணும் உலகத்திலேயே இல்லை."

"ஏஐ!" என்று ஸ்வப்னா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "மெஷின் கப்சா விட்டிருக்கு. பேப்பர்ல வாராவாரம் வருதே சார், யாராவது ஒரு வக்கீல் மாட்டிக்கிறாங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஜட்ஜும். நான் சோம்பேறித்தனமா மெஷினைக் கேட்டு எழுதிட்டேனாம். சீனியர் அட்வகேட் வாதாடலாம், ஆனா தாக்கல் பண்றது எங்களை மாதிரி ஆளுங்க பேர்லதான். அது ரூல். கையெழுத்து என்னோடது. வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்லணும். இல்லேன்னா என் லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்டே பார் கவுன்சிலுக்கு எழுதும்."

"நீங்க மெஷினைக் கேட்டியளா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்லை சார். அவங்க நர்ஸ். நைட் ட்யூட்டி பார்த்துப் பார்த்து என்னைப் படிக்க வச்சாங்க. அந்த லைசென்ஸை இப்படியா தொலைப்பேன்?"

வேலை நடக்கும் விதத்தை அவள் விளக்கினாள். சங்கரநாராயணன் காலையில் எழுந்ததும் போனைக் கையில் எடுத்து வாதத்தைப் பேசுவார். ஒரு மென்பொருள் அதைக் கேட்டு டைப் செய்யும். டைப் ஆனதும் குரல்பதிவு தானாக அழிந்துவிடும். எழுத்து, சேம்பரின் இன்னொரு வக்கீலான சுந்தரேஷிடம் போகும். அவன் பத்தி பிரித்து ஒழுங்குபடுத்தி ஜூலியாவுக்கு அனுப்புவான். அவள் படித்துக் கையெழுத்துப் போடுவாள்.

"தீர்ப்பெல்லாம் நெசமா இருக்கான்னு சரிபாக்க மாட்டியளா?"

ஜூலியா தலையைக் குனிந்துகொண்டாள். "சார் சொன்ன தீர்ப்பையா? எங்க சேம்பர்ல அது, சாப்பாடு போட்டவங்க எதிர்லயே சோத்தை மோந்து பார்க்கிற மாதிரி சார். யாரும் செஞ்சதில்லை. அவர் ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதும் இல்லை."

"இந்த மூணும் அவரு சொன்னதா?"

"இல்லைன்னுதான் எல்லாரும் நம்பறாங்க. மூணுலயும் வருஷம் இருக்கு, ஜட்ஜ் பேர் இருக்கு, பக்க எண் மட்டும் இல்லை. பக்க எண் சொல்லாம சார் ஒரு தீர்ப்பைச் சொல்லி யாரும் கேட்டதே கிடையாது." போனைத் திறந்து முதல் தீர்ப்பைப் படித்துக் காட்டினாள். வீராயி என்கிற கட்டட வேலைக்காரியின் வழக்கு. மாற்றிடம் தராமல் குடிசையை இடிக்கக் கூடாது என்றும், செருப்பில்லாத காலோடு நீதிமன்றத்தில் வந்து நிற்கிறவளுக்கு இருக்கிற ஒரே கூரையை அரசு பிடுங்கலாகாது என்றும் தீர்ப்பாம். மற்ற இரண்டும் அதே சாயல். மூன்றிலும் ஏழைகள்தான் ஜெயித்திருந்தார்கள்.

"பெரியவர் கோர்ட்ல என்ன சொன்னாரு?"

ஜூலியா போனை மூடி வைத்தாள். "நான் கோர்ட்ல நேர்ல நின்னுட்டிருந்தேன். சார் ஒரு வருஷமா வீட்டிலேர்ந்து வீடியோலதான் வர்றார், முழங்கால் வலின்னு. இந்த வயசுல டெக்னாலஜியை எப்படிக் கத்துக்கிட்டார் பாருன்னு எல்லாரும் மெச்சிப்பாங்க. ஜட்ஜ், இந்த மூணு தீர்ப்பு எங்கேன்னு கேட்டார். சார் காமிராவுக்கு மேல பார்த்தார். இப்பல்லாம் யோசிக்கும்போது அப்படித்தான் பார்ப்பார். அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னார். 'எனக்குத் தெரியாது. என் ஜூனியரைக் கேளுங்கள்.'"

"ஒரு நாளும் என்னை ஜூனியர்னு சொன்னதில்லை சார். எந்த ஜட்ஜ் முன்னாடியும் 'மை கலீக் ஜூலியா'ன்னுதான் சொல்வார். அன்னைக்கு யாரோ தெரியாத ஆளைக் கைகாட்டற மாதிரி சொல்லிட்டார்."

கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஸ்வப்னாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

*

சேம்பருக்குப் போகும்போதே ஸ்வப்னா சுந்தரேஷைக் குற்றவாளியாக்கிவிட்டாள். நேரில் பார்த்ததும் அது உறுதிப்பட்டது. பளபள ஷூ, இரண்டு போன், கேட்காமலே வரவழைக்கப்பட்ட காப்பி. இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருக்க முடியாது.

"அரே, நான் ஏன் சார் ஜூலியாவைக் கவுக்கணும்?" என்றான் சுந்தரேஷ். "இந்த மாசத்தோட நான் சேம்பரை விட்டுப் போறேன். சட்ட வேலைக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனில வேலை கிடைச்சாச்சு. தீர்ப்பு தேடித் தர்ற வசதியும் சேர்த்து வாங்கலாம்னு சார்கிட்ட எவ்வளவோ சொன்னேன். கேக்கலை. 'என் தலைக்குள்ள இருக்கறதை நான் ஏன் வாடகைக்கு எடுக்கணும்'னுட்டார். அதனால இது வெறும் காது. பேசினா டைப் பண்ணும். பஸ், அவ்வளவுதான்."

ஸ்வப்னா நம்பவில்லை. மென்பொருளைத் திறந்து, நல்லசிவத்துக்கும் வேர்க்கடலை வியாபாரிக்கும் நடந்த ஒரு வழக்கைக் கற்பனையாக ஒப்பித்தாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே அது டைப் செய்தது, கடைசியில் அவள் தும்மியதை மட்டும் விட்டுவிட்டது. தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஸ்வப்னா விடுவாளா? தன் போனில் இருந்த வேறொரு ஏஐயிடம், குடிசை இடிப்புக்கு எதிராக ஒரு பழைய தீர்ப்பு வேண்டும் என்று கேட்டாள். உடனே ஒன்று வந்தது. தொகுதி, பக்கம், பாரா என்று எல்லாம் கச்சிதம். ஜூலியா தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு தீர்ப்பே கிடையாது என்றாள்.

"பக்க எண்ணு போட்டிருக்கா?" என்று மட்டும் நல்லசிவம் கேட்டார்.

"போட்டிருக்கு சார். பொய்யா இருந்தாலும் ஜோரா போட்டிருக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டு சுந்தரேஷிடம் திரும்பினார். "எல்லாத்தையும் மெஷினே சொல்லிருச்சுன்னா வக்கீல் எதுக்கு தம்பி?"

"நல்ல கேள்வி சார். கட்சிக்காரன் வரும்போதே போன்ல கேட்டுட்டுத்தான் வர்றான். 'வக்கீல் சாப், மெஷின் வேற மாதிரி சொல்லுதே'ங்கறான். சட்டம் தெரிஞ்ச வக்கீல் இனிமே யாருக்கும் வேணாம். முன்னாடி நிக்க ஒரு ஆள் வேணும். தப்பாப் போனா மெஷினைக் கூண்டுல ஏத்த முடியாதில்ல?" என்றவன், மூலையில் நின்ற ஜூலியாவைப் பார்த்ததும் அடங்கிப்போனான். "ஸாரி ஜூலி" என்றான். அது நிஜமாகவே வந்தது போலிருந்ததில் ஸ்வப்னாவுக்கு எரிச்சல்.

*

தில்லி துவாரகாவில் சங்கரநாராயணனின் வீடு, சொசைட்டி அடுக்ககத்தில் மேல்தளம். கதவைத் திறந்தவர் அவர் மனைவி காமாக்ஷி. "வாங்கோ, உள்ள வாங்கோ" என்று கைகூப்பியபோது விரல் நுனிகளில் கறுப்பு மார்க்கர் மை ஏறியிருந்தது. ஸ்வப்னா பார்த்ததும் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். மை போகவில்லை.

சங்கரநாராயணன் மேலே வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும், கீழே வேட்டியுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைய வீடியோ விசாரணை அப்போதுதான் முடிந்ததாம். மனிதர் சிரித்தால் அறையே நிறைந்தது.

"நீ எந்த ஊர்மா?"

"ஜனக்புரி சார்."

"ஜனக்புரி ஒரு ஊரா! சரி, தில்லிக்காரான்னா அப்படித்தான் சொல்வா" என்று ஹோவென்று சிரித்தார். ஸ்வப்னாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

மடிக்கணினிக்குப் பின்னால், பாட்டுக் கச்சேரிகளில் ஸ்வரத்தாள் வைக்கிற இரும்பு ஸ்டாண்டு ஒன்று நின்றது. வீட்டில் எந்த வாத்தியமும் கண்ணில் படவில்லை. "மாமி, நீங்க வயலினா?" என்று கேட்டாள். "இல்லேடிம்மா. யாரோ குடுத்தா" என்று காமாக்ஷி அடுக்களைக்குப் போய்விட்டார்.

நல்லசிவம் சுவரில் இருந்த ஒரு பழைய புகைப்படத்தின் முன் நின்றுவிட்டார். நீதிமன்றப் படிக்கட்டில் இளவயது சங்கரநாராயணன், பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண். அவர் எதைப் பார்க்கிறார் என்று ஸ்வப்னாவுக்குப் புரியவில்லை. படத்தில் படிக்கட்டும் பாதங்களும்தான் தெளிவாக இருந்தன.

"ஐயா குடிசை வழக்கு நெறைய நடத்தியிருக்கிய போல."

"நடத்தியிருக்கேன். ஒண்ணுலகூடத் தோத்ததில்லை."

அடுக்களையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"இப்ப கோர்ட்ல கேக்குத அந்த மூணு தீர்ப்பு?"

சங்கரநாராயணன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலாக, காலியாக நின்ற ஸ்டாண்டைப் பார்த்தார். அதற்குள் காமாக்ஷி கையில் ஈரத்தோடு ஓடிவந்துவிட்டார். "அதான், ஜூலி விஷயம். இன்னிக்கு ரொம்ப அசந்து போயிட்டார். இன்னொரு நாள் பேசிக்கலாமே."

கிளம்பும்போது பெரியவர் ஸ்வப்னாவைப் பார்த்து மறுபடி கேட்டார். "நீ எந்த ஊர்மா?" வயதானவர்கள் எல்லோரும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

வாசலில் நல்லசிவம் தாழ்ந்த குரலில், "படத்துல இருக்கது யாரும்மா?" என்றார்.

"பழைய கட்சிக்காரி. பேர் மறந்துபோச்சு" என்றார் காமாக்ஷி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

திரும்பும்போது மெட்ரோவில் ஸ்வப்னா வரிசையாக ஆட்களைக் கைது செய்துகொண்டு வந்தாள். சுந்தரேஷ், எதிர்த்தரப்பு வக்கீல், சாஃப்ட்வேர் கம்பெனி. மெட்ரோவில் தின்னக்கூடாது என்பதால் நல்லசிவம் சட்டைப்பையில் இருந்த கடலைப் பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வழக்கு எடுத்த எடுப்புலேயே தள்ளுபடி ஆயிருச்சுன்னா அது தீர்ப்புப் புத்தகத்துல வருமா? ஜூலியாகிட்ட கேளு."

ஜூலியா போனில் சொன்னாள். "ஒரு வரிதான் சார் எழுதுவாங்க. எந்தப் புத்தகத்துலயும் வராது. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்களைத் தவிர யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது."

நல்லசிவத்தின் முகம் வாடிப்போயிருந்தது. ஜெயிக்கப் போகிறவர் முகம் மாதிரியே இல்லை.

*

வியாழக்கிழமை பகல், அதே துவாரகா வீட்டின் கூடத்தில் ஜூலியாவும் சுந்தரேஷும் காமாக்ஷியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் உள்ளே படுத்திருந்தார். நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மொதல்ல மெஷினை விட்டுருவோம். இந்த வீட்டு மெஷினுக்குக் காது மட்டுந்தான். வெளி மெஷினைக் கேட்டு யாராவது எழுதியிருந்தா, பக்க எண்ணு கண்டிப்பா இருந்திருக்கும். தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி முழுசாச் சொல்லுதது மெஷின். தெரிஞ்சதுல பாதி நழுவிப்போய், மிச்சத்தை வச்சுப் பேசுதது மனுசன்."

சுந்தரேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உங்களையும் விட்டுட்டேன் தம்பி. ஜூலியாவை மாட்டிவிட நெனச்சா நீங்க மெஷினைக் கேட்டு நல்ல பொய்யா வச்சிருப்பிய. அதோட, வீராயி செருப்பில்லாம நின்னா. அதை எந்த ஜட்ஜும் தீர்ப்புல எழுதமாட்டாரு. மேல உக்காந்திருக்கவருக்குக் கட்சிக்காரி காலு தெரியாது. பக்கத்துல நின்ன வக்கீலுக்குத்தான் தெரியும்." சுவரைக் காட்டினார். "அந்தப் படத்துல இருக்க பொம்பள காலைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். வெயிலேறிய கல்படியில் இரண்டு வெறும் பாதங்கள். அன்று பெரியவரோடு சேர்ந்து சிரித்ததெல்லாம் இப்போது ஸ்வப்னாவைக் குத்தியது.

"பக்க எண்ணு இல்லங்கதாலதான் எல்லாரும் பெரியவரை விட்டுட்டாங்க. எனக்கு அதுதான் அவரைக் காட்டிக் குடுத்துச்சு. வீராயி வழக்கு நெசம். அவரு நடத்துனதும் நெசம். ஜெயிச்சதுதான் நெசமில்ல. எடுத்த எடுப்புலேயே தள்ளுபடியாகி எந்தப் புத்தகத்துலயும் வராமப் போயிருக்கும். தோத்தது அவரு மனசுல ஜெயிச்சதா மாறிப் போச்சு. மத்த ரெண்டும் இப்படித்தான். தீர்ப்பே இல்லாததுக்குப் பக்கம் எங்கேர்ந்து வரும்? காலையில வாதம் பேசும்போது அதையும் சேத்துப் பேசிட்டாரு. பேசுனதும் அவருக்கு நெனப்பில்ல. என்னம்மா, நாஞ் சொல்லுதது சரியா?"

காமாக்ஷி புடவைத் தலைப்பால் விரல்களை மூடிக்கொண்டார்.

"ஒரு வருசமா அவரு கோர்ட்டுக்கு வராதது முழங்கால் வலியால இல்ல. வீடியோன்னா நீங்க காமிராவுக்குப் பின்னால உக்காந்துக்கிடலாம். ஜட்ஜ் பேரு, கட்சிக்காரன் பேரு, அடுத்து என்ன சொல்லணும், எல்லாத்தையும் பெருசா அட்டையில எழுதி அந்த ஸ்டாண்டுல வைக்கலாம். உங்க விரல்ல மை. அவரு பார்வை காமிராவுக்கு மேல. இனி நாஞ் சொல்லமாட்டேன்மா. அன்னைக்கு ஜட்ஜ் கேட்டப்ப நடந்ததை நீங்களே சொல்லிருங்க."

காமாக்ஷி மை ஏறிய விரல்களை விரித்துப் பார்த்தார். "அவருக்கு ஒண்ணுமே புரியலை" என்றார். "திரையில அத்தனை பேரும் பார்த்துண்டிருக்கா. வாய் கோணித்து. குழந்தை மாதிரி அழப்போறார்னு தெரிஞ்சுடுத்து. கைக்கு வந்ததை எழுதிட்டேன். 'எனக்குத் தெரியாது. என் ஜூனியரைக் கேளுங்கள்'னு. அப்படியே படிச்சுட்டார்." ஜூலியாவின் பக்கம் திரும்பினார். "உன் பேரை எழுதக் கை வரலைடி. பேரை எழுதணும்னு நினைச்சிருந்தா என்னால எழுதியிருக்கவே முடியாது."

ஜூலியா எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று ஸ்வப்னா எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைக்கு நானே சொல்லிடறேன் மாமி, மெஷினைக் கேட்டுத்தான் எழுதினேன்னு" என்றாள். "மெஷின் பொய் சொல்லிச்சுன்னா ஊரே நம்பும். சார் மறந்துட்டார்னு வெளியில தெரியவே வேணாம்."

"அப்போ உன் லைசென்ஸ் போயிடும் ஜூலி" என்றான் சுந்தரேஷ்.

காமாக்ஷி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்வப்னா காத்திருந்தாள், நல்லசிவம் காத்திருந்தார், சொல்லவில்லை. தப்பு என்று தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதரை ஊர் பரிதாபமாகப் பார்க்கிற நாளை அந்த அம்மாளால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அவரைக் குற்றம் சொல்ல ஸ்வப்னாவுக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் மனசு வரவில்லை.

"வீராயி கேஸ் தோத்துப்போச்சா?"

படுக்கையறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சங்கரநாராயணன் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. கண் பழக்கத்தில் ஸ்டாண்டுக்குப் போயிற்று. அதில் ஒன்றும் இல்லை.

"ஆமாம்னா" என்றார் காமாக்ஷி. "அன்னிக்குக் காலம்பற அந்தப் படம் எடுத்தேள். மத்தியானமே தள்ளுபடி ஆயிடுத்து. மறுநாள் கவர்மெண்ட்காரா வந்து அவ கூரையைப் பிரிச்சுட்டா. அந்தப் படத்தைக் கழட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னேள்."

"அவகிட்ட யார் சொன்னா?"

"நீங்கதான்."

அவர் சுவரோடு சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார். பழைய தோல்விதான், ஆனால் அவருக்கு அது இப்போதுதான் நடந்திருந்தது. வாய்விட்டு அழுதார். அத்தனை பேரில் ஒருவருக்கும் பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை. ஜூலியாதான் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் அவளை உற்றுப் பார்த்தார். "நீ என்ன தப்புப் பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை சார்."

"ஒண்ணும் பண்ணலைன்னா உன்னை எதுக்குக் கூண்டில நிறுத்தறா?" அவர் குரலில் பழைய கோர்ட்டுக் குரல் வந்துவிட்டது. "காமு, மார்க்கரை எடு. பெரிசா எழுது. நான் காலம்பற மறந்துபோயிடுவேன்."

*

வெள்ளிக்கிழமை அவர் வீடியோவில் வரவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அங்கி அணிந்து, ஜூலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தார். பார்த்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். கடைசி வரிசையில் நல்லசிவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஸ்வப்னாவுக்கு, அவர் எங்கே வந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

வழக்கு அழைக்கப்பட்டதும் அவர் எழுந்தார். கக்கத்தில் இருந்த வெள்ளை அட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி முன்னால் பிடித்துக்கொண்டார்.

"மை லார்ட், இந்த அட்டை இல்லாமல் சொல்ல வந்தது எனக்கு ஞாபகம் இருக்காது. அதனால் படிக்கிறேன். 'அந்த மூன்று தீர்ப்புகளையும் சொன்னவன் நான். அவை நடக்கவில்லை. நடந்ததாக நான் நம்பினேன். என் கலீக் ஜூலியா என்னை நம்பினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.'"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜூலியாவுக்கு அனுப்பிய நோட்டீஸை அங்கேயே ரத்து செய்தார். சொன்னது யாராக இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறவர் சரிபார்த்தாக வேண்டும் என்று அவளை எச்சரித்தார். வாதத்தைத் திருத்தித் தாக்கல் செய்ய அவகாசம் கொடுத்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, இந்த நீதிமன்றம் உங்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறது, இனி நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். இனி வராதே என்பதை அதைவிட அன்பாகச் சொல்ல முடியாது. காமாக்ஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் வெயில் வந்திருந்தது. ஜூலியா கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்வப்னாவுக்கு அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தவேண்டும் போலவும் இருந்தது, ஓவென்று அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நல்லசிவத்தின் பக்கத்தில் நின்றாள். அவர் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அங்கியை மடித்துக்கொண்டிருந்த சங்கரநாராயணன் நிமிர்ந்தார். முகம் தெளிவாக, கவலையே இல்லாமல் இருந்தது. அட்டை பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"ஜூலியா, வீராயி கேஸ் என்ன ஆச்சு?"

காமாக்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜூலியா பொத்தானை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து குனிந்தாள். இல்லாத ஒரு தீர்ப்புக்காக இத்தனை நாள் தூக்கமில்லாமல் தவித்தவள் அவள்.

"ஜெயிச்சுட்டோம் சார்."

"எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவள் ஒரு கணம்தான் தயங்கினாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு சார்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "குறிச்சு வச்சுக்கோ. வேற எந்த ஏழைக்காவது உதவும்."

ஜூலியா பேனாவை எடுத்து அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.